எம்-ஒன் அரியர் விழுந்துவிட்டதா? அடுத்த தேர்விலேயே முடிக்க ஒரு வழிகாட்டி

முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் கணக்கு மட்டும் போய்விட்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், 2021 ரெகுலேஷனில் (அந்த ஆண்டு வந்த பாடத்திட்டமும் தேர்வு விதிகளும்) படித்து, 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பேப்பரில் (எம்ஏ3151, நாம் எல்லோரும் எம்-ஒன் என்று சொல்வது) அரியர் வைத்திருப்பவர்களுக்கு. அதே பேப்பரை நான் மூன்று முறை எழுதித்தான் முடித்தேன். முதல் முறை படிக்காமல் போனேன் என்று சொல்ல முடியாது. படித்தேன். இரண்டாவது முறை இன்னும் அதிகமாகப் படித்தேன். இரண்டு முறையும் போனதற்குக் காரணம், எங்கே மார்க் போகிறது என்று தெரியாமலேயே படித்ததுதான். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, 300 ரூபாய் செலவில். முதல் முறை அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நீங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர் என்றால் விதிகளும் தேதிகளும் கட்டணங்களும் மாறும். சில தன்னாட்சிக் கல்லூரிகள் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வைத்துவிடுகின்றன. உங்கள் எக்ஸாம் செல்லில் (கல்லூரியின் தேர்வுப் பிரிவு) முதலில் அதைக் கேளுங்கள். படிக்கும் முறை பற்றி நான் சொல்வது உங்களுக்கும் பொருந்தும்.

1. ரிசல்ட்டைச் சரியாகப் படியுங்கள்

ரிசல்ட் பக்கத்தில் மார்க் வராது, கிரேடு மட்டும்தான் வரும். 'யு' என்று இருந்தால் மறுபடி தேர்வு எழுத வேண்டும் என்று பொருள். 'எஸ்ஏ' என்று இருந்தால் அது வருகைப் பதிவு குறைந்ததால் வந்தது. அதற்கு வழி வேறு. அந்தப் பாடத்தையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். அவர்கள் நேராகத் துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரை அவர்களுக்கு உதவாது.

'யு' வந்தவர்களுக்கு இங்கேயே முதல் குழி இருக்கிறது. மார்க் தெரியாததால், 44 வாங்கியவரும் 14 வாங்கியவரும் ஒரே மாதிரி உடைந்துபோகிறார்கள், ஒரே மாதிரி படிக்கிறார்கள். இந்த இருவருக்கும் தேவையான வேலை முற்றிலும் வேறு. உங்கள் எண் என்ன என்று தெரியாமல் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

ரிசல்ட் வந்த அன்றே மூன்றை எடுத்துக் கையில் வையுங்கள்: ரிசல்ட் பக்கத்தின் பிரதி, அந்த செமஸ்டர் ஹால் டிக்கெட், எம்-ஒன் இன்டர்னல் மார்க் (கல்லூரியிலேயே போடும் மார்க்). இன்டர்னல் மார்க் மாணவர் போர்ட்டலில் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் தெரியும். தெரியாவிட்டால் பாட ஆசிரியரிடம் கேளுங்கள்.

2. உங்களுக்கு எத்தனை மார்க் வேண்டும்?

இந்த ரெகுலேஷனில் தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, பல்கலைத் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதுகிறோம், அதை 60-க்குச் சுருக்குகிறார்கள். பாஸாக இரண்டு நிபந்தனைகள். தேர்வில் மட்டும் 100-க்குக் குறைந்தது 45 வர வேண்டும். இன்டர்னலும் தேர்வும் சேர்த்து 50 வர வேண்டும். முதல் நிபந்தனையை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டாவதில்தான் பலர் விழுகிறார்கள். நானும் அதில்தான் விழுந்தேன்.

அரியர் எழுதும்போது இன்டர்னல் மார்க் மாறாது. முதலில் வாங்கியதுதான் கூடவே வரும். அதனால் உங்கள் கணக்கு இப்படி:

இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்வில் 45 போதும்.
இன்டர்னல் 20 என்றால் தேர்வில் 50.
17 என்றால் 55.
14 என்றால் 60.
11 என்றால் 65.

இன்டர்னலில் 3 மார்க் குறைந்தால் தேர்வில் 5 மார்க் கூடுதலாக எடுக்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் இன்டர்னல் 17. எனக்குத் தேவை 55. '45 எடுத்தால் போதும்' என்று சீனியர் ஒருவர் சொன்னதை நம்பி, மூன்று யூனிட் மட்டும் படித்துப் போனேன். 51 வந்தது. அந்த 51 எனக்கு எந்தப் பயனும் தரவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. மூன்றாவது முறையிலிருந்து, இன்டர்னலைச் சேர்த்துப் பார்த்தும் பாஸ் வரவில்லை என்றால், பல்கலைத் தேர்வில் மட்டும் 50 விழுக்காடு எடுத்தாலே பாஸ். இன்டர்னல் 20-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். உங்கள் ரெகுலேஷன் கோப்பில் அந்தப் பத்தியை நீங்களே ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை நம்பி இரண்டாவது முயற்சியைக் கைவிடாதீர்கள். இரண்டாவது முறையும் பதிவு செய்து எழுதினால்தான் மூன்றாவது சீக்கிரம் வரும்.

3. போட்டோகாப்பி வாங்குங்கள், ரீவேல்யூஷன் போடாவிட்டாலும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

போட்டோகாப்பி என்பது நீங்கள் எழுதிய விடைத்தாளின் பிரதி. எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் போட்டார்கள் என்பது அதில் இருக்கும். ரீவேல்யூஷன் (விடைத்தாளை மறுபடி திருத்தக் கேட்பது) போடுபவர்களுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பணம் கட்டி வாங்கிவிட்டு ரீவேல்யூஷன் போடாமலும் இருக்கலாம்.

நான் கட்டியபோது ஒரு விடைத்தாளுக்கு 300 ரூபாய். கட்டணம் மாறியிருக்கலாம், அந்தந்த செமஸ்டர் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கல்லூரி எக்ஸாம் செல் வழியாகத்தான் போகும். விதிப்படி ரிசல்ட் வந்து இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பல்கலைக்கழகத்தின் கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கல்லூரி தன் வாயிலை மூடிவிடும், அவர்களும் பட்டியல் சரிபார்த்து அனுப்ப வேண்டுமே. அதனால் ரிசல்ட் வந்த மூன்றாம் நாளுக்குள் எக்ஸாம் செல்லுக்குப் போய்விடுங்கள். அறிவிப்புப் பலகையை நம்பி உட்கார்ந்திருந்த என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரே ஒரு நாளில் வாய்ப்பை இழந்தான்.

கொண்டுபோக வேண்டியவை: பதிவு எண், பாடக் குறியீடு, ஹால் டிக்கெட் பிரதி, கல்லூரி அடையாள அட்டை, பணம். கட்டிய ரசீதை மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது முறை தோற்ற பிறகுதான் என் விடைத்தாளை முதன்முதலாகப் பார்த்தேன். மேசையில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். முதல் யூனிட்டில் 16 மார்க் கேள்வி, குவாட்ராடிக் ஃபார்மைக் கனானிகல் ஃபார்முக்குக் கொண்டுவருவது. ஐந்து பக்கம் எழுதியிருந்தேன். போட்டது 4 மார்க். காரணம் முதல் வரியிலேயே இருந்தது. எக்ஸ்-ஒய் உறுப்பின் கெழு 4 என்றால் மேட்ரிக்ஸில் இரண்டு இடத்திலும் பாதி பாதியாக 2 எழுத வேண்டும். நான் இரண்டு இடத்திலும் 4 எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு போட்ட ஐந்து பக்கமும் வேறொரு கணக்கு. வீட்டில் பயிற்சி செய்தபோதும் இதே தவறைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பயிற்சி கூடக் கூட அந்தத் தவறு கையில் ஊறிப்போயிருந்தது.

உங்கள் பிரதி கைக்கு வந்ததும், ஒரு தாளில் இழந்த ஒவ்வொரு மார்க்கையும் நான்கு வகையாகப் பிரித்து எழுதுங்கள். எழுதவே இல்லை. முறையே தெரியவில்லை. முறை தெரியும், நடுவில் கூட்டல் கழித்தல் பிழை. நேரம் போதவில்லை. என் தாளில் 'எழுதவே இல்லை' என்பதில் மட்டும் 18 மார்க் இருந்தது. அதில் 8 மார்க் பார்ட்-ஏ டூ மார்க் கேள்விகளில் போனது. அடுத்த முறை எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லிவிட்டது.

4. ரீவேல்யூஷன்: போடுவதா வேண்டாமா?

போட்டோகாப்பியை அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, கேள்வி வாரியாக அவர் மார்க் போட்டுப் பரிந்துரைத்த பிறகே ரீவேல்யூஷனுக்கு விண்ணப்பிக்க முடியும். அப்போது கட்டணம் ஒரு தாளுக்கு 400 ரூபாய். ஒரே நேரத்தில் ஐந்து பாடங்களுக்கு மேல் போட முடியாது. ரீவேல்யூஷனிலும் திருப்தி இல்லை என்றால் அதற்கு அடுத்து ரிவியூ என்று ஒன்று உண்டு. ரீவேல்யூஷன் போட்டவர்கள் மட்டும்தான் ரிவியூ கேட்கலாம்.

நீங்கள் எடுத்த மார்க்குக்கும் தேவையான மார்க்குக்கும் இடையே வித்தியாசம் சிறியதாக இருந்து, திருத்தாமல் விட்ட பக்கமோ, கூட்டலில் பிழையோ, முறை சரியாக இருந்தும் மார்க் குறைந்த இடமோ உங்கள் ஆசிரியர் கண்ணில் பட்டால் தயங்காமல் போடுங்கள். 20 மார்க் வேண்டும், விடையும் தவறு என்றால் அந்த 400 ரூபாயைப் புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் ஆசையைவிட ஆசிரியரின் வார்த்தைக்கு மதிப்புக் கொடுங்கள்.

'பணம் கொடுத்தால் ரீவேல்யூஷனில் பாஸ் போட்டுத் தருகிறோம்' என்று யாராவது அணுகினால் அந்த எண்ணை உடனே பிளாக் செய்யுங்கள். 2018-இல் இந்த ரீவேல்யூஷன் முறைகேடு தொடர்பாகவே லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. உங்கள் பட்டத்தை அப்படியொரு வழக்கில் சிக்க வைக்காதீர்கள்.

5. அடுத்த தேர்வுக்கு இன்றே பதிவு

எம்-ஒன் நவம்பர்-டிசம்பர் பேப்பர்தானே, அடுத்த நவம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஏப்ரல்-மே தேர்விலும் அரியர் எழுதலாம். ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் வாய்ப்பு இருக்கிறது.

பலர் மாட்டும் இடம் ஒன்று: ரீவேல்யூஷன் ரிசல்ட் வருவதற்குள் அடுத்த தேர்வுக்கான பதிவு முடிந்துவிடலாம். 'ரீவேல்யூஷனில் எப்படியும் பாஸாகிவிடுவேன்' என்று பதிவு செய்யாமல் விட்டால், பாஸ் வராதபோது ஆறு மாதம் போய்விடும். அதனால் ரீவேல்யூஷன் போட்டிருந்தாலும் அரியர் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். நான் எழுதிய காலத்தில் ஒரு தியரி பேப்பருக்கு 150 ரூபாய். பாஸ் வந்துவிட்டால் அந்தப் பணம் போனால் போகட்டும்.

பதிவுப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே எம்ஏ3151 இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நடப்பு செமஸ்டர் பேப்பர்கள் தானாக வந்துவிடும், அரியர் சில நேரம் விடுபட்டுவிடும். பழைய ரெகுலேஷனில் படித்தவர்கள் குறியீடு வேறு என்பதையும் கவனியுங்கள்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்கலாம். முதல் காரணம், மூன்றாவது செமஸ்டரில் பல துறைகளுக்கு டிரான்ஸ்ஃபார்ம்ஸ் பேப்பர் வருகிறது. அங்கே ஃபோரியர் சீரிஸ் போட இன்டகிரேஷன் பை பார்ட்ஸ் கை பழகியிருக்க வேண்டும். எம்-ஒன்னை முடிக்காதவர்களுக்கு அங்கேயும் ஒரு அரியர் காத்திருக்கிறது. அடுத்தது வேலைவாய்ப்பு. வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் முடிக்காத அரியர்) இருக்கக் கூடாது என்று கேட்கின்றன. முடித்த அரியரை அவ்வளவாகப் பொருட்படுத்தாத நிறுவனங்கள் நிறைய உண்டு.

ஒரு அரியர் வந்ததால் 'ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன்' கிடைக்காது, ஏனென்றால் அதற்கு எல்லாப் பேப்பரையும் முதல் முறையிலேயே முடித்திருக்க வேண்டும். ஃபர்ஸ்ட் கிளாஸ் அப்படி இல்லை. ஐந்து ஆண்டுக்குள் எல்லாவற்றையும் முடித்து, அதற்கான கிரேடு சராசரி இருந்தால் கிடைக்கும். பட்டத்தை முடிக்க மொத்தம் 14 செமஸ்டர், அதாவது 7 ஆண்டு வரை காலம் உண்டு. 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று இரவில் தோன்றினால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. வீட்டில் சொல்லிவிடுங்கள்

ரிசல்ட் வந்த அன்றோ மறுநாளோ சொல்லுங்கள். நான் மூன்று வாரம் மறைத்தேன். அந்த மூன்று வாரமும் ஒரு கணக்குகூடப் போட முடியவில்லை. சொல்லும்போது வெறும் 'ஃபெயில்' என்று சொல்லாமல், "அம்மா, ஒரு பேப்பர் போயிடுச்சு. ஏப்ரல்ல மறுபடி எழுதலாம். அதுக்கு ஃபீஸ் மட்டும் கட்டணும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோருக்கு அரியர் என்றால் வருடம் போய்விட்டது என்று அர்த்தமாகிறது. பள்ளியில் ஃபெயிலானால் அதே வகுப்பில் உட்கார வேண்டும் என்றுதான் அவர்கள் அறிந்திருக்கிறார்கள். என் அப்பா கேட்ட முதல் கேள்வியே "அப்போ திரும்ப ஃபர்ஸ்ட் இயரா?" என்பதுதான். இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

சாப்பாடும் தூக்கமும் போய், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் தனியாக இருக்காதீர்கள். 104 என்ற எண்ணுக்கோ, டெலி-மனஸ் சேவையின் 14416 எண்ணுக்கோ அழையுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

7. அடித்தளத்தில் ஓட்டை எங்கே?

எம்-ஒன்னில் போகிறவர்களில் பலருக்கும் உண்மையில் பிரச்சினை பிளஸ் ஒன்னில் இருக்கிறது. பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டமாக ஓட்டிவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவிவிடுகிறார்கள். வகையிடலும் தொகையிடலும் அந்தப் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

தமிழ்நாடு பாடநூலில் 11-ஆம் வகுப்புக் கணிதம் இரண்டாம் தொகுதியை எடுங்கள். அதில் 9, 10, 11 அத்தியாயங்கள்: எல்லைகளும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல். பிறகு 12-ஆம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் 8-ஆவது அத்தியாயம், பகுதி வகைக்கெழுக்கள். யூலர் தேற்றம்கூட அங்கேயே இருக்கிறது. இரண்டு புத்தகமும் இணையத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதலில் தமிழ்ப் புத்தகத்தில் வாசித்து, அதே பக்கத்தை ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்தால் சொற்கள் இரண்டு நாளில் பழகிவிடும். எனக்கு அப்படித்தான் பழகியது.

இதற்கு முதல் பத்து நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு நாளும் 20 வகையிடல், 20 தொகையிடல். சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. சைன், காஸ், லாக், அடுக்குக்குறி இவற்றின் வாய்பாடுகளைப் பார்க்காமல் எழுத வருகிறதா என்று தினமும் ஒரு தாளில் சோதியுங்கள்.

8. எந்த யூனிட்டுக்கு எவ்வளவு?

வினாத்தாளில் பார்ட்-ஏ 10 கேள்வி, தலா 2 மார்க். பார்ட்-பி 5 கேள்வி, தலா 16 மார்க், யூனிட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஏ அல்லது பி என்று தேர்வு உண்டு. பெரும்பாலும் 16 மார்க் இரண்டு எட்டாகப் பிரிந்திருக்கும்.

எந்த யூனிட்டையும் முழுதாக விட்டுவிடாதீர்கள். மூன்று யூனிட் மட்டும் படித்தால் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 60. அதில் ஒரு கணக்கு தடுமாறினால் முடிந்தது. மூன்று யூனிட்டை ஆழமாகவும், மற்ற இரண்டில் தலா ஒரு 8 மார்க் கணக்கையும், ஐந்து யூனிட்டின் டூ மார்க்கையும் எடுங்கள். உங்கள் தேவை 45 என்றாலும் 60-க்குக் குறி வையுங்கள்.

யூனிட் 1, மேட்ரிசஸ். இங்கே 16 மார்க்கையும் முழுதாக வாங்க முடியும், அதனால் இதிலிருந்து தொடங்குங்கள். கனானிகல் ஃபார்ம் கணக்கு, கேலி-ஹாமில்டன் தேற்றத்தில் இன்வர்ஸ் காண்பது, ஐகன் வேல்யூ, ஐகன் வெக்டர். ஐகன் வேல்யூக்களின் கூடுதல் முதன்மை மூலைவிட்டக் கூடுதலுக்குச் சமம், பெருக்கற்பலன் டிடர்மினன்டுக்குச் சமம். இது டூ மார்க்கிலும் வரும், பெரிய கணக்கில் உங்கள் விடையைச் சரிபார்க்கவும் உதவும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஐகன் வெக்டருக்குப் போகாதீர்கள். ஒரே ஐகன் வேல்யூ இரண்டு முறை வந்தால், மூன்றாவது வெக்டரை மற்ற இரண்டுக்கும் செங்குத்தாக இருக்கும்படி கண்டுபிடிக்க வேண்டும். பலர் நிற்கும் இடம் அது. கடைசியில் ரேங்க், இன்டெக்ஸ், சிக்னேச்சர், நேச்சர் நான்கையும் எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

யூனிட் 3, பல மாறிகளின் சார்புகள். லக்ராஞ்ச் முறை, இரு மாறி உச்ச-நீச மதிப்பு, டெய்லர் தொடர், ஜேக்கோபியன். மேலே மூடி இல்லாத பெட்டி, கொள்ளளவு 32, குறைந்த பொருளில் செய்ய அளவுகள் என்ன என்ற கணக்கைப் பார்த்திருப்பீர்கள். விடை 4, 4, 2. இந்த ஒரு கணக்கைப் புத்தகம் பார்க்காமல் மூன்று முறை போடுங்கள், லக்ராஞ்ச் முறை புரிந்துவிடும். மூடி இல்லை என்பதால் பரப்பில் ஒரு பக்கம் குறையும், அதை விட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பு.

யூனிட் 5, மல்டிபிள் இன்டகிரல்ஸ். இங்கே என் விடைத்தாளில் 16-க்கு 3. காரணம், நான் படமே வரையவில்லை. சேஞ்ச் ஆஃப் ஆர்டர் கணக்கில் படம்தான் பாதி விடை. எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் என்பது எக்ஸ் வர்க்கம் முதல் 2 கழித்தல் எக்ஸ் வரை, உள்ளே எக்ஸ்-ஒய் என்ற பழைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றும்போது பகுதி இரண்டாக உடையும், ஒய் 0 முதல் 1 வரை ஒன்று, 1 முதல் 2 வரை இன்னொன்று. படம் வரைந்தவருக்கு இது கண்ணுக்குத் தெரியும், வரையாதவர் ஒரே இன்டகிரலாக எழுதிவிடுவார். விடை 3/8. மாற்றாமல் ஒருமுறை, மாற்றி ஒருமுறை போட்டு இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள்.

யூனிட் 2-இல் ஒரு மாறி உச்ச-நீச மதிப்பும் தொடர்ச்சி கணக்கும், யூனிட் 4-இல் பை பார்ட்ஸும் பார்ஷியல் ஃபிராக்ஷனும் போதும். பத்து நாள் அடித்தளப் பயிற்சி செய்திருந்தால் இந்த இரண்டும் பாதி முடிந்த மாதிரிதான்.

எட்டு வாரம் கையில் இருந்தால் தினமும் ஒன்றரை மணி நேரம் இதற்கு. நடப்பு செமஸ்டர் பாடங்களும் இருக்கின்றன, ஐந்து மணி நேரம் என்று திட்டம் போட்டால் நான்காம் நாள் நின்றுபோகும். காலையில் கல்லூரிப் பேருந்துக்கு முன் ஒரு பெரிய கணக்கு, இரவில் டூ மார்க். கடைசி இரண்டு வாரம் பழைய வினாத்தாள் மட்டும், மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, குறைந்தது நான்கு. ஜெராக்ஸ் கடையில் பழைய வினாத்தாள் தொகுப்புக் கிடைக்கும். அதில் அச்சிட்டிருக்கும் விடைகளை அப்படியே நம்பாதீர்கள், சிலவற்றில் பிழை உண்டு.

9. டியூஷன் தேவையா?

இரண்டாவது முறைக்கு முன் ஓர் அரியர் கோச்சிங் சென்டரில் 3,500 ரூபாய் கட்டினேன். 'இம்பார்ட்டன்ட்' என்று 15 கணக்கு கொடுத்து, போர்டில் போட்டுக் காட்டினார்கள். நான் பார்த்து எழுதினேன். தேர்வில் எண்கள் மாறியதும் கை நின்றுவிட்டது. நீங்கள் கணக்குப் போட, இன்னொருவர் பக்கத்திலிருந்து திருத்துகிற டியூஷனாக இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் கல்லூரியிலேயே உங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியரிடம், வாரம் ஒரு மதிய இடைவேளையில், நீங்கள் போட்ட கணக்குகளைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். 'புரியவில்லை' என்று போனால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. போட்டுப் பாதியில் நின்ற கணக்கோடு போனால் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுவார். மூன்றாவது முறை எனக்கு உதவியது அதுதான், செலவே இல்லாமல்.

10. தேர்வு நாள்

டைம்டேபிளில் தேதியோடு எஃப்என், ஏஎன் என்பதையும் பாருங்கள். காலைத் தேர்வு 10 மணிக்கு, மதியத் தேர்வு 2 மணிக்கு. உங்கள் வகுப்பில் மற்றவர்களுக்கு அன்று பரீட்சை இருக்காது, யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல், கால்குலேட்டர். புரோகிராம் செய்யக்கூடிய கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. நாம் பெரும்பாலும் வைத்திருக்கும் கேசியோ 991 எம்எஸ்ஸில் மோடு பட்டனை மூன்று முறை அழுத்தி 1 கொடுத்து, வலப்பக்க அம்பை அழுத்தி 3 கொடுத்து, கெழுக்களை உள்ளிட்டால் முப்படிச் சமன்பாட்டின் தீர்வு வந்துவிடும். ஐகன் வேல்யூ சரிபார்க்க இது மிகவும் உதவும். படிகளைத் தாளில் கையால்தான் எழுத வேண்டும். வெறும் விடைக்கு மார்க் வராது.

பார்ட்-ஏயை முதல் 25 நிமிடத்தில் முடியுங்கள். பத்துக்கும் ஏதாவது எழுதுங்கள், வாய்பாடாவது. பிறகு நன்றாகத் தெரிந்த 16 மார்க். ஒரு கேள்விக்கு 28 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நடுவில் நின்றுபோனால் இடம் விட்டுவிட்டு நகருங்கள். சரியான படிகளுக்கு மார்க் உண்டு, அதனால் அடித்துவிடாதீர்கள். ஏ, பி இரண்டையும் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

11. பாஸ் வந்த பிறகு

புதிய கிரேடு வந்த பக்கத்தைப் பதிவிறக்கி வையுங்கள். மதிப்பெண் பட்டியல் கல்லூரிக்கு வந்ததும் எக்ஸாம் செல்லில் கையெழுத்திட்டு வாங்கி, பெயர், பதிவு எண், பாடக் குறியீடு, தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள். பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் உங்கள் பெயர் இன்னும் அரியர் பட்டியலில் இருக்கும், அவர்களாக எடுக்க மாட்டார்கள். மதிப்பெண் பட்டியலின் பிரதி ஒன்றைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். நான் இதைச் செய்யாததால் ஒரு நிறுவனத்தின் எழுத்துத் தேர்வுக்கு என் பெயர் போகவில்லை. அடுத்த நாளே பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு அடுத்த நிறுவனத்துக்குப் போன பட்டியலில் என் பெயர் இருந்தது.